நம்பத்தகாத போன்

சின்னவள் போனில் ஆஸ்பத்திரி ஆப்பை மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள். மறுபடியும் அதே வெள்ளைத் திரை, நடுவில் அதே வரி: ‘உங்கள் சாதனம் நம்பத்தகுந்தது அல்ல. பாதுகாப்புக் காரணங்களுக்காக நுழைவு அனுமதி வழங்க இயலாது.’ அதற்குக் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். சரி என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல அந்தத் திரையில் இடம் விடவில்லை.

“ஓரமா நில்லுங்கம்மா, பின்னாடி ஆள் வர்றாங்க,” என்றார் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி.

அவள் ஓரமாக நிற்கவில்லை. தோளில் தொங்கிய பையில் அம்மாவின் சீப்பு, மாற்று உடுப்பு, வெந்நீர்க் குடுவை, கால் ஜில்லென்று இருக்கிறது என்று அம்மா கேட்ட கம்பளிக் காலுறை. நாலாவது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் அம்மா. அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரே ஒரு இரும்புக் கம்பி. குனிந்தால் நுழைந்துவிடலாம்.

“அண்ணே, ராத்திரி இதே போனைக் காட்டிட்டுத்தானே வெளிய போனேன்? நீங்கதானே நின்னீங்க?”

“நின்னேன்மா. நான் இல்லேன்னு சொல்லலையே.”

“அப்ப இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

“ராத்திரியோட ஆப் புதுசாயிடுச்சாம். காலையில இருந்து நாலஞ்சு பேர் இப்படித்தான் திண்டாடுறாங்க. உங்க மூஞ்சி, உங்க நம்பர், உங்க போன், மூணும் பொருந்தி ஆப்புல அந்த க்யூ.ஆர். கட்டம் வந்தாத்தான் கம்பி திறக்கும். நான் திறக்கிறதில்ல. அதுவாத் திறக்குது.” காவலாளி இதைச் சொல்லும்போது கம்பியைத் தன்னுடைய மேலதிகாரி போலக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

ராத்திரி அவள் தானாக வெளியே போகவில்லை. அம்மாதான் துரத்தினாள். “போய்க் குளிச்சிட்டு வா. மருந்து வாடையை விட உன் வாடை தூக்குது” என்று ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து திணறித் திணறிச் சொன்னாள். அம்மாவைச் சேர்த்த நாளிலிருந்து கூடவே இருந்தவள் சின்னவள்தான். பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. விடுப்பு கேட்டதும் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைக்கூட நேற்றுத்தான் சுரண்டினாள். ராத்திரிக்கு அண்ணன் வந்து உட்கார்ந்தான், இவள் வீட்டுக்குப் போனாள். விடிந்ததும் அண்ணன் கூப்பிட்டான். “டாக்டர் வந்தாரு. இன்னிக்குத் தாண்டுறது கஷ்டம்ங்கிறாரு. சீக்கிரம் வா.”

சீக்கிரம்தான் வந்தாள். ஈரத் தலையைக்கூடத் துவட்டவில்லை.

இப்போது மறுபடியும் அண்ணனிடமிருந்து போன். நம்பத்தகாத அந்தப் போன் நன்றாகத்தான் அடித்தது, நன்றாகத்தான் பேசியது.

“எங்கடி இருக்கே?”

“வாசல்ல. விட மாட்டேங்கிறாங்க.”

விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் குரல் பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது. “அப்பவே சொன்னேன். அம்மாதான் எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னா, உனக்கு எங்க போச்சு புத்தி? ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கிற மாதிரி ஒரு போன் வெச்சிருந்தா இப்ப இந்தக் கேடு உண்டா?”

“திட்டுறதை அப்புறம் வெச்சுக்க அண்ணா. அம்மா எப்படி இருக்காங்க?”

“கண்ணை மூடியிருக்காங்க. நான் வேணா கீழ வந்து சண்டை போடட்டுமா?”

“வேணாம். தனியா விட்டுட்டு வராதே. நானே பார்த்துக்கிறேன்.”

இந்தப் போனில் கம்பெனி போட்டுக்கொடுத்த சிஸ்டம் இல்லை. அம்மா போட்டுக்கொடுத்தது இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார், எடுத்துக்கொள் என்று வைத்திருக்கும் சிஸ்டம்.

அம்மாவுக்கு அந்த வட்டாரத்தில் ‘கிளட்ச் டீச்சர்’ என்று பெயர். பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து “கிளட்ச்! கிளட்ச்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் ஓட்டக் கற்றார்கள், மீதிப் பேர் அழக் கற்றார்கள். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, ஒருநாள் அவளுடைய போன் ஒரு செய்தி காட்டியது. இந்தச் சாதனம் பழையதாகிவிட்டது, இனி கம்பெனி இதைக் கவனிக்காது, புதியது வாங்கிக்கொள்ளவும். கீறல்கூட விழாத போன். அம்மா கம்பெனியைக் கூப்பிட்டாள். “ஏம்ப்பா, நல்லா ஓடுற வண்டியை வயசாயிடுச்சுன்னு குழி தோண்டிப் புதைக்கச் சொல்றியே, உன் வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?” என்று கேட்டாள். எதிர்முனையில் இருந்தவன் பாவம், பொறுமையாக இருங்கள் என்று சொல்லி, பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பாட்டுதான் அம்மாவைக் கிளப்பிவிட்டது. மகன் தூக்கிப்போட்ட பழைய கணினியைத் தூசி தட்டினாள். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் படித்தாள். முதல் போனைச் சாகடித்தாள். இரண்டாவது பிழைத்தது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனி கைவிட்ட போன் எந்த வீட்டு இழுப்பறையில் கிடந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதில் புது சிஸ்டத்தைப் போட்டு, ஓட்டிக் காட்டி, சொந்தக்காரியின் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். “என் காசு குடுத்து நான் வாங்கின வண்டி. பானட்டைத் திறக்காதேன்னு சொல்ல அவன் யாரு?” இது அவள் பேச்சு. அண்ணன் இதைக் கேட்டாலே எழுந்து போய்விடுவான். சின்னவளுக்கும் இதில் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. போன் பேசினால் போதும் அவளுக்கு. அம்மா போட்டுக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அதனால்தான் இப்போது அவளுக்கு ஆஸ்பத்திரி மேல் வந்த ஆத்திரத்தில் கொஞ்சம் அம்மா மேலும் தெறித்தது. உன்னைப் பார்க்கவிடாமல் உன் வேலையே என்னை நிறுத்திவிட்டதே அம்மா, இது நியாயமா என்று மேலே பார்த்துக் கேட்கலாம் போல இருந்தது.

விசாரணை மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சின்னவள் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

“உங்க போன்ல ஒரிஜினல் சாஃப்ட்வேர் இல்ல மேடம். அதான் ஏத்துக்கல.”

“நேத்து வரைக்கும் ஏத்துக்கிச்சே?”

“நேத்து வரைக்கும் செக் பண்ணல மேடம். இது நோயாளிகளோட பாதுகாப்புக்காக.”

“என் போன்ல என்ன இருக்குன்னு பார்த்தா மேல படுத்திருக்கிற என் அம்மாவுக்கு என்ன பாதுகாப்பு? நான் என்ன போனாலயா அவங்களைக் குத்தப் போறேன்?”

மேசைப் பெண் பக்கத்தில் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். “எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் ஒண்ணும் பண்ண முடியாது, சிஸ்டம் விடாது. வேற போன்ல பதிவு பண்ணலாம், ஆனா சரிபார்த்து வர நாளைக்கு ஆயிடும். இல்லேன்னா இதே போன்ல ஒரிஜினல் சாஃப்ட்வேர் போட்டுட்டு வாங்க, உடனே வேலை செய்யும். எதிர்லயே கடை இருக்கு. காலையில ஒருத்தர் போட்டுட்டு வந்தாரு.”

நாளைக்கு என்ற சொல்லை அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று சின்னவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினாள்.

எதிரே ஒரு போன் கடை இருந்தது. ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். கடைக்காரர் நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு போட்டது இது? பையனா?”

“எங்க அம்மா.”

“அம்மாவா!” கடைக்காரர் சிரித்தார். “நல்ல அம்மா. சுத்தமாப் போட்டிருக்காங்க. எதுக்கு எடுக்கிறீங்க? கம்பெனியோடதை விட இது நல்லா ஓடுமே.”

“ஆஸ்பத்திரி ஆப் ஏத்துக்க மாட்டேங்குது. அம்மா உள்ள இருக்காங்க. சீரியஸ். சீக்கிரம் எடுங்கண்ணே.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கணினியில் எதையோ தேடி, “கம்பெனி சிஸ்டம் பெரிய ஃபைல். இறங்கி முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அதைப் போட்டு, அப்புறம் வேற எவனும் உள்ள மாத்த முடியாதபடி போனைப் பூட்டணும். பூட்டினாத்தான் உங்க ஆப்பு நம்பும்,” என்றார்.

“ஒரு மணி நேரமா? வேற வழி இல்லையா?”

“உள்ள இருக்கிறதை மாத்தாம வெறுமனே பூட்டிப் பார்க்கலாம். நிமிஷ வேலை. சில போன் ஒத்துக்கும், அந்த ஆப்பும் ஏமாந்துடும். சில போன் ஒத்துக்காது. படுத்துடும். இந்தப் போன் எப்படின்னு எனக்குத் தெரியாது. அதைச் செய்யுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்மா, காத்திருக்கிறதுதான் நல்லது.”

அம்மா இதைத்தான் படித்துப் படித்துச் சொல்வாள். முதலில் கம்பெனியின் பழைய சிஸ்டம், பிறகு பூட்டு. மாற்றிச் செய்தால், போன் தனக்குள் இருப்பது யார் என்று தெரியாமல் திருடன் என்று நினைத்துக்கொண்டு இயங்கவே மறுத்துவிடும். அவள் சாகடித்த முதல் போன் அப்படித்தான் செத்தது. “கிளட்ச்சை மிதிக்காம கியர் போடுற வேலை அது” என்பாள். சின்னவள் ஊம் கொட்டிக்கொண்டு வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

“சரி, இறக்குங்க,” என்றாள். முக்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு வேகத்தில் நகர்ந்தது. எதிரே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி ஜன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன. எது அம்மாவுடையது என்று எண்ணிப் பார்க்க முயன்றாள்.

பச்சைக் கோடு பாதியைக்கூடத் தொடவில்லை. அண்ணன் கூப்பிட்டான்.

“அம்மா முழிச்சிட்டாங்க. மாஸ்க்கைத் தள்ளிட்டு உன்னையே கேக்குறாங்க. சின்னவ எங்க, சின்னவ எங்கன்னு. நர்ஸ் என்னைத் தனியாக் கூப்பிட்டு, வர வேண்டியவங்க இருந்தா இப்பவே வரச் சொல்லுங்கங்கிறாங்க.”

“வந்துடுறேன் அண்ணா. எதிர்ல கடையில இருக்கேன். போன்ல இருக்கிறதை மாத்திட்டு இதோ வந்துடுறேன். அம்மாகிட்ட இதைச் சொல்லாதே. வந்துக்கிட்டு இருக்கான்னு மட்டும் சொல்லு.”

போனைக் கடைக்காரரிடம் நீட்டினாள். “வெறுமனே பூட்டிடுங்கண்ணே.”

“யோசிச்சுக்கங்கம்மா.”

“யோசிச்சாச்சு. பூட்டுங்க.”

அவர் கணினியின் வயரைப் போனில் செருகினார். திரை கறுத்தது. பிறகு பொடி எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: எல்லாம் அழிந்துவிடும், பூட்டலாமா? கடைக்காரர் போனை அவள் பக்கம் தள்ளினார். “நீங்களே அழுத்துங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

அவளே அழுத்தினாள்.

போன் ஒருமுறை அதிர்ந்தது. அணைந்து, மறுபடியும் உயிர் பெற்றது. கறுப்புத் திரையில் சிவப்பாக ஒரு முக்கோணமும் அதன் கீழே ஒரு வரியும் வந்தன. இந்தச் சாதனம் பழுதடைந்துள்ளது, இதை நம்ப முடியாது, இது இயங்காது. கடைக்காரர் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினார். அதே முக்கோணம். நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, “படுத்துடுச்சும்மா,” என்றார்.

சின்னவள் அவரைத் திட்டவில்லை. வசவு வாய் வரை வந்தது, ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. செத்த போனை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினாள். நடுச்சாலையில் ஒரு வண்டிக்காரன் பிரேக்கை மிதித்து அவளை ஏதோ சொன்னான்.

இந்தத் தடவை காவலாளியிடம் நிற்கவில்லை. நேராக மேசைக்குப் போய்ப் போனைத் தூக்கி அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். வைத்த சத்தத்தில் அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இந்தா. போன் செத்துப்போச்சு. இப்ப என்ன செய்யச் சொல்றே, சொல்லு. எங்க அம்மா மேல என்னைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. கம்பிக்கு அடியில பூந்து போவேன், போலீஸைக் கூப்பிடுறதுன்னா கூப்பிடு.”

மேசைப் பெண் போனை எட்டிப் பார்த்தாள். முக்கோணத்தைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

“போன் வேலை செய்யலையா மேடம்? அப்ப பிரச்சினையே இல்ல.” இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன மஞ்சள் சீட்டை எடுத்தாள். பெயர், உறவு, மாடி என்று கேட்டு எழுதி, கையால் கிழித்து நீட்டினாள். “போன் இல்லாதவங்களுக்கு இதான். காட்டினா விட்டுடுவாங்க.”

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

“இதை முதல்லயே குடுத்திருக்கலாமே!”

“அப்ப உங்ககிட்ட போன் இருந்துச்சே மேடம்.”

“இருந்தா? போன் இருக்கிறவ மகள் இல்லையா? போன் செத்தாத்தான் மகளா?” அவள் குரல் அந்தக் கூடத்தின் கண்ணாடிகளில் எல்லாம் மோதியது. “என் போனைக் கொன்னுட்டு வந்து நிக்கிறேன். அதுக்கப்புறம்தான் உன் இழுப்பறை திறக்குமா? உனக்கும் அம்மா இருக்காங்கல்ல?”

“போன் இருக்கிறவங்களுக்குச் சீட்டுக் குடுத்தா எங்களைக் கேப்பாங்க மேடம். போன மாசம் ஒரு அக்காவை வேலையை விட்டே நிறுத்திட்டாங்க.” மேசைப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. “போங்க மேடம். மொதல்ல மேல போங்க.”

மஞ்சள் சீட்டைக் கண்டதும் காவலாளி கம்பியைக் கையாலேயே தூக்கினார். கையால் தூக்க முடிகிற கம்பிதான் அது. சின்னவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மின்தூக்கி எங்கேயோ மேலே நின்றுகொண்டிருந்ததால் படியில் ஏறினாள். பைக்குள் குடுவை விலாவில் இடித்துக்கொண்டே வந்தது. நாலாவது மாடியில் கதவைத் தள்ளியபோது, அம்மாவின் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. அண்ணன் திரைக்கு வெளியே நின்றான். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தான். இவளைக் கண்டதும் அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“இப்பதான்டி,” என்றான்.

திரைக்குள் ஒரு நர்ஸ், இதயத் துடிப்பு பார்க்க அம்மாவின் மார்பில் ஒட்டியிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முடி நெற்றியில் அலங்கோலமாகக் கிடந்தது. முகம் அமைதியாக இல்லை. வண்டியை யாரோ தப்பான இடத்தில் நிறுத்திவிட்டதைப் பார்த்த முகம். சின்னவள் அவள் பாதத்தைத் தொட்டாள். இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. பையிலிருந்து காலுறையை எடுத்து மாட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த நர்ஸ், சொல்லாமல் நகர்ந்துகொண்டாள். பிறகு சின்னவள் சீப்பை எடுத்துத் தலையை வாரிவிட்டாள். சிக்கு எடுக்கும்போது அம்மா எப்போதும் “மெதுவாடி” என்பாள். மெதுவாகவே வாரினாள்.

வெளியே நாற்காலியில் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. “என்னைக் கேட்டாங்களா?” என்றாள்.

“கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சொல்லாதேன்னு சொன்னே. ஆனா விடல. எங்க நிக்கிறா, ஏன் வரலன்னு. கடைசியில சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“கீழ விட மாட்டேங்கிறாங்க, எதிர்க் கடையில போன்ல இருக்கிறதை எடுக்கப் போயிருக்கான்னு.” அண்ணன் கையிலிருந்த போனைப் பார்த்தான். “அம்மாவுக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ பலம். எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. ஒட்டியிருந்த வயரெல்லாம் இழுத்துக்கிட்டு. ‘அவளைப் போன்ல கை வெக்க வேணாம்னு சொல்லு. நான் கீழ போய்க் கேக்குறேன், என் பொண்ணை எவன் நிறுத்துறான்னு. செருப்பு எங்கடா?’ன்னாங்க. கட்டிலுக்கு அடியில காலாலயே செருப்பைத் தேடுறாங்க. ரெண்டு நர்ஸ் பிடிச்சுப் படுக்க வெச்சாங்க. ‘மொதல்ல அவளுக்குப் போன் போடுடா’ன்னாங்க. போட்டேன். போட்டுக்கிட்டே இருந்தேன். போகவே இல்ல.”

“செத்துப்போச்சு,” என்றாள் சின்னவள்.

அண்ணன் அவளைப் பார்த்தான்.

“போன். அவசரத்துல பூட்டிட்டேன்.”

அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். காலையில் சொன்னதுபோல, அப்பவே சொன்னேனே என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் வந்து, இது எதிர்பார்த்ததுதான், இதயம் ரொம்ப நாளாகவே தளர்ந்திருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்பார்த்தது என்றால் எதிர்பார்த்தவர்களை ஏன் வாசலில் நிறுத்தினீர்கள் என்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. அவர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாலைக்குள் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூடத்தில் மேசை நாற்காலிகளை ஒதுக்கி, நடுவில் கிடத்தினார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள். வந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவிடம் வண்டி கற்றவர்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண், அம்மாவின் காலடியில் நின்று, “என்னை எத்தனை நாள் அழ வெச்சே டீச்சர்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா உயிர் கொடுத்த பழைய போன்கள் பலருடைய கைகளில் இருந்தன. ஓரம் உடைந்ததும், ரப்பர் பட்டை போட்டதுமாக, எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தன. அவற்றில்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் சேதி சொல்லி வந்து சேர்ந்திருந்தார்கள்.

உறவுக்காரர்களுக்கு இருந்த ஒரே நம்பர் அண்ணனுடையது. சின்னவளுடையதுதான் போய்விட்டதே. அதனால் அவன் போன் ஓயாமல் அடித்தது. வழி கேட்டார்கள், எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவன் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். விலை உயர்ந்த போன். வாங்கிய அன்று அம்மாவிடம் பெருமையாகக் காட்ட, அவள் திருப்பிப் பார்த்து, “திருகாணியே இல்லையேடா” என்று கொடுத்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கியபோது அந்தப் போன் மணியோசையோடு பேசியது. தேன் ஒழுகும் பெண் குரல். “வணக்கம். உங்கள் தாயாரைச் சந்திக்க, நாளைய நேரத்தை இப்போதே பதிவு செய்யுங்கள்.”

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அண்ணன் அவசரமாக அதைத் தள்ளிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. “உங்கள் தாயாரைச் சந்திக்க, நாளைய நேரத்தை…” சத்தத்தை அடியோடு குறைத்தான். அடுத்த தடவை இன்னும் கணீரென்று கேட்டது. ஆஸ்பத்திரி ஆப். அவசர அறிவிப்புகளை எந்த நிலையிலும் ஒலிக்கவிட அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போது அது கேட்டிருக்கிறது. அவன் மற்ற எல்லாவற்றுக்கும் போலவே சம்மதம் என்று அழுத்தியிருக்கிறான்.

ஆப்பை நீக்கப் பார்த்தான். நீக்க முடியாது, உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

“டேய் பெரியவனே, அந்தச் சனியனை நிறுத்துடா,” என்றார் சித்தப்பா, மறு ஓரத்திலிருந்து. “என்ன வீடுன்னு நினைச்சே?”

“நிக்க மாட்டேங்குது சித்தப்பா.” அண்ணன் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்தி அழுத்திப் பார்த்தான். “என்ன பண்ணாலும் நிக்க மாட்டேங்குது சித்தப்பா. என் போன்தான் இது. நான் வாங்கின போன்.” குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் வண்டியிலும் வராத அழுகை அப்போதுதான் அவனுக்கு வந்தது. பெரிய ஆள், வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுதான். அழுதுகொண்டே அந்தக் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தான்.

சின்னவள் அவன் விரலைப் பிடித்து நகர்த்திவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள். அணைத்துவிடலாம். ஆனால் இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிற அத்தைக்கும் மாமாவுக்கும் அந்த ஒரு நம்பர்தான் தெரியும். எழுந்து அம்மாவின் அறைக்குள் போனாள். வேறு இடம் தோன்றாமல், கட்டிலில் அம்மாவின் தலையணைக்கு அடியில் அதை வைத்தாள். போர்வையை மடித்து மேலே போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால், தலையணைக்கு அடியிலிருந்து, நாளைக்கு அம்மாவைப் பார்க்க வரச்சொல்லி அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.